முகமூடியின் பிறப்பிடம்: ஆப்பிரிக்க மரச்செதுக்குகளை இனங்காண்பதும் அருட்பணி வரலாறும்

ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று திரும்புவோர் பலர் ஒரு மரமுகமூடியையேனும் தம்முடன் கொண்டுவருவர். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவை 1975ஆம் ஆண்டில் நைரோபியிலும் 1998ஆம் ஆண்டில் ஹராரேயிலும் கூடியபோது நம் நாட்டுத் திருச்சபைகளின் பேராளரும் அங்குச் சென்றனர். இன்றும் கருத்தரங்கு, பயிற்சி, அருட்பணி எனப் பல காரணங்களால் திருப்பணியாளர் அக்கண்டத்திற்குச் செல்கின்றனர். கடைவீதியில் பேரம் பேசி வாங்கிய முகமூடி, ஊர் திரும்பியதும் படிப்பறைச் சுவரில் இடம் பெறுகிறது. "இது எங்கே செய்யப்பட்டது?" என்று விருந்தினர் வினவினால், "ஆப்பிரிக்காவில்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளையும் உடைய கண்டம் ஒன்றின் பெயரை ஒரு பொருளின் பிறப்பிடமாகக் கூறுவது, தஞ்சாவூர்த் தட்டை "ஆசியாவில் செய்தது" என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய முகமூடியின் பிறப்பிடத்தை அறிவது எங்ஙனம்? இவ்வினாவினுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. முதலாவது, இவ்வடிவம் எம்மக்களுடையது? இரண்டாவது, இப்பொருள் யாரால், எதன் பொருட்டுச் செய்யப்பட்டது? மூன்றாவது, இது எவ்வழியாகக் கைமாறி நம்மிடம் வந்தது? பயணிகளுக்கான கையேடுகள் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் மூன்றாவது வினாவே அருட்பணி வரலாற்றை மிக நெருங்கித் தொடுகிறது. இம்மூன்றையும் வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முகமூடி என்பது யாது?

முகமூடி என்றவுடன் மரத்தாலான முகத்தையே நாம் எண்ணுகிறோம். அதைப் பயன்படுத்தும் மக்களுக்கோ அது ஒரு முழுமையின் சிறு பகுதி. பனைநாராலும் துணியாலும் ஆன உடை, ஆட்டம், இசை, உடன்வருவோர், தனிப்பெயர் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அது முகமூடியாகிறது. லைபீரியாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் டான் மக்களின் நம்பிக்கையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். காட்டில் உருவமின்றி வாழும் ஆவி ஒன்று மனிதரிடையே வந்து செயலாற்ற விரும்புகிறது. ஒருவருடைய கனவில் தோன்றித் தனக்கு உருவம் அமைக்குமாறு கேட்கிறது. அவ்வாறு அமைக்கப்படுவதே முகமூடி என்பர். அம்முகமூடிகள் யாவும் ஒரே பணியைச் செய்வனவும் அல்ல. வழக்குகளைத் தீர்ப்பவை சில. சிறுவரை மகிழ்விப்பவை சில. வட்டமான பெரிய கண்களையுடைய ஒருவகை முகமூடி, வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஊரைச் சுற்றிவந்து, நண்பகலுக்குள் அடுப்புத் தீ அணைக்கப்பட்டதா என்று பார்க்கும். கூரைவேய்ந்த வீடுகள் நிறைந்த ஊரில் இது இன்றியமையாத காவற்பணியாகும். ஆகவே முகமூடி அனைத்தையும் "பேய்முகம்" என்றோ "விக்கிரகம்" என்றோ ஒரே சொல்லால் அழைப்பது உண்மைக்குப் பொருந்தாது.

ஆப்பிரிக்க மக்கள் அனைவரும் முகமூடி அணிவோர் அல்லர் என்பதும் தொடக்கத்திலேயே தெளிவாக வேண்டும். இம்மரபு மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வேளாண்மை செய்து வாழும் மக்களிடையேதான் மிகுதி. கிழக்கே மக்கோண்டே, செவா போன்ற சில மக்களிடம் மட்டும் இது காணப்படுகிறது. கென்யாவின் கடைகளில் "மசாய் முகமூடி" என்னும் பெயரில் எண்ணற்ற முகமூடிகள் விற்கப்படுகின்றன. ஆனால் கால்நடை மேய்த்து வாழும் மசாய் மக்களிடம் மரமுகமூடி மரபே இல்லை. கானா நாட்டின் அசாந்தி மக்களும் அத்தகையோரே. ஆயினும் அக்ரா நகரின் கடைவீதிகளில் பித்தளைத் தகடும் மணிகளும் பதித்த முகமூடிகள் அவர்கள் பெயரால் விற்பனையாகின்றன. இனங்காணும் முயற்சியின் முதற்படி, விற்பவர் கூறும் பெயரை ஆராயாது ஏற்காமையாகும்.

2. வடிவம் தரும் சான்று

வடிவத்தைக் கொண்டு ஒருவாறு முடிவு செய்யத்தக்க சில வகைகளை இங்குக் காண்போம்.

டான் முகமூடிகளில் பெண்மை வாய்ந்தவை நீள்வட்ட முகமும் கூரிய மோவாயும் குறுகிய கண்களும் கொண்டவை. அவற்றின் மேற்பரப்பு கரியதாய் வழுவழுப்பாக இருக்கும். ஐவரி கோஸ்ட்டின் வடபகுதியிலும் மாலி, புர்க்கினா பாசோ நாடுகளின் எல்லைப்பகுதிகளிலும் வாழும் செனுஃபோ மக்களின் முகமூடி சிறியது. முகத்தின் இருபுறமும் சிறகுபோன்ற அமைப்புகளும், கீழே கால்போன்ற இரு நீட்சிகளும் அதற்கு உண்டு. சியெரா லியோனின் மெண்டே மக்களிடையே சாண்டே எனும் மகளிர் சங்கத்தார் அணியும் முகமூடி தலை முழுவதையும் மூடும், கருமையாய் மின்னும், உயர்ந்த நெற்றியும் அழகிய கூந்தல் ஒப்பனையும் கழுத்தைச் சுற்றி மடிப்பு வளையங்களும் கொண்டிருக்கும். இதைச் செதுக்குவோர் ஆண்கள். அணிந்து ஆடுவோர் பெண்கள். ஆப்பிரிக்கா முழுவதிலும் மகளிரே மரமுகமூடி அணியும் மரபு மிக அரிது.

காபோன் நாட்டின் தென்பகுதியில் வாழும் புனு மக்களின் முகமூடி, வெண்களிமண் பூசிய அமைதியான பெண்முகம். தாழ்ந்து நோக்கும் குறுகிய கண்களும், நெற்றியில் செதிள்போன்ற ஒன்பது தழும்புகளும் அதன் அடையாளங்கள். அதை அணிந்தவர் உயரமான பொய்க்கால்களின்மேல் நின்று ஆடுவார். இம்முகத்தை முதன்முதல் கண்ட ஐரோப்பியருள் சிலர், இது ஜப்பானியச் செல்வாக்கால் தோன்றியிருக்கும் என எண்ணினர். ஆப்பிரிக்கர் இத்தகைய நுட்பத்தைத் தாமே படைத்திருத்தல் இயலாது என்னும் எண்ணமே இத்தவற்றுக்கு ஆதாரம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வெண்மை இங்கு அழகின் நிறம் மட்டுமன்று, இறந்தோர் உலகின் நிறமுமாகும். காபோனிலேயே வாழும் ஃபாங் மக்களின் "ங்கில்" முகமூடியும் வெண்ணிறமுடையதே. ஆனால் அது மிக நீண்டு, நெடிய மூக்குடன், காண்போர் அஞ்சும் தோற்றமுடையது. சூனியம் செய்வோரைத் தண்டித்து ஊரின் ஒழுங்கைக் காத்த ங்கில் சங்கம் அதைப் பயன்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியினர் அச்சங்கத்தை ஒடுக்கினர்.

அங்கோலா, காங்கோ, சாம்பியா நாடுகளில் வாழும் சோக்வே மக்களின் "ம்வானா புவோ" எனும் இளம்பெண் முகமூடி நமக்குத் தனிச்சிறப்புடையது. அதன் நெற்றியில் சிலுவை வடிவக் குறி ஒன்று காணப்படும். சோக்வே கலையை ஆழ்ந்து ஆய்ந்த பெல்ஜிய அறிஞர் மரி லூயிஸ் பாஸ்டின் போன்றோர், பழங்காலத்தில் கப்புச்சின் துறவிகள் வழங்கிய போர்த்துக்கீசியச் சிலுவைப் பதக்கங்களோடு இக்குறியைத் தொடர்புபடுத்தினர். சோக்வே மக்கள் அக்குறியைத் தம் உலகநோக்கோடு இணைத்துப் பொருள் கொண்டனர். ஆகவே நெற்றியில் சிலுவையைக் கண்டவுடன் "கிறிஸ்தவ முகமூடி" என்று பெயரிடுதல் தவறு. அதே சமயம், ஐரோப்பியத் தொடர்பே இல்லாத பழமை என்று கொள்வதும் தவறாகலாம். ஒரு சிறு குறியினுள் பல நூற்றாண்டுத் தொடர்பின் வரலாறு அடங்கியிருக்கக்கூடும்.

3. "ஓர் இனம், ஒரு பாணி" என்னும் கொள்கை

மேற்கூறிய அடையாளங்கள் பயனுடையவை. எனினும் அவை ஒரு கொள்கையின் மேல் அமைந்தவை. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபாக் 1965இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் இனமும் கலையைப் பொறுத்தமட்டில் தனித்தவோர் உலகம் என்னும் கருத்தை வலியுறுத்தினார். அருங்காட்சியகங்களின் பெயர்ச்சீட்டுகள் பல இக்கருத்தைத் தழுவியவையே. 1984ஆம் ஆண்டில் சிட்னி காஸ்ஃபிர் என்னும் ஆய்வாளர், "ஓர் இனம், ஒரு பாணி?" என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையில் இதை மறுத்தார். இனங்களின் எல்லைகள் பல குடியேற்ற ஆட்சியின் நிருவாகத்தால் வரையப்பட்டவை. செதுக்குவோர் ஊர்விட்டு ஊர் சென்று பணிசெய்தனர். முகமூடிகளும் ஆட்டங்களும் விலைக்கு வாங்கப்பட்டும் இரவலாகப் பெறப்பட்டும் பரவின என்பன அவர்தம் கருத்துகள்.

இதற்கு ஒரு நல்ல சான்று பவுலே மக்களின் "கோலி" ஆட்டமாகும். வட்டத் தட்டுப்போன்ற முகமும் மேலே வளைந்த கொம்புகளும் உடைய கோலி முகமூடி இன்று பவுலே கலையின் அடையாளமாகவே கருதப்படுகிறது. ஆனால் அம்மக்கள் அதை அண்டையில் வாழும் வான் மக்களிடமிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெற்றனர். அவ்வாறாயின் அதன் பிறப்பிடம் வான் நாடா, பவுலே நாடா? இரண்டும் என்பதே நேர்மையான விடை. திருச்சபை வரலாற்றைக் கற்போர்க்கு இது புதிதன்று. ஒரு மக்களிடையே பிறந்த பாடலும் வழிபாட்டு முறையும் மற்றொரு மக்களின் உடைமையாகி, அவர்தம் அடையாளமாகவே மாறிவிடுவதை நாம் அறிவோம். ஆப்பிரிக்க மக்களை மட்டும் மாற்றமறியாத "பழங்குடிகள்" எனக் கருதி, அவர்தம் கலைக்கு வரலாறே இல்லை என்று கொள்வது நீதியாகாது.

4. மரம் தரும் சான்று

வடிவத்தை யாரும் நகல் செய்யலாம். ஆதலால் பொருளையே உற்றுநோக்க வேண்டும். முகமூடியின் முன்புறத்தைவிடப் பின்புறமே மிகுதியாகப் பேசும். ஆட்டத்திற்குரிய முகமூடி பெரும்பாலும் எடை குறைந்த மரத்தால் செய்யப்படும். மணிக்கணக்கில் அணிந்து ஆடுவதற்கு அது ஏற்றது. கனத்த கருங்காலி மரத்தில் செதுக்கி மெருகேற்றியவை பெரும்பாலும் விற்பனைக்கென்றே செய்யப்பட்டவை. விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள் நாருடையைக் கட்டுவதற்கானவை. அத்துளைகளில் கயிறு உரசிய தேய்வு உண்டா? அணிபவர் கண்ணுக்கு நேராகப் பார்வைத்துளை உண்டா? உட்புறத்தில் நெற்றியும் கன்னமும் மோவாயும் பட்ட இடங்கள் மட்டும் வியர்வையால் கறுத்து மெருகேறியுள்ளனவா, அல்லது எங்கும் ஒரே நிறமா? வாய்ச்சியால் செதுக்கிய தடங்கள் காலத்தால் மழுங்கியுள்ளனவா, அல்லது நேற்றுச் செதுக்கியவைபோல் கூர்மையாக உள்ளனவா? இவையே கேட்கத்தக்க வினாக்கள்.

எனினும் இச்சான்றுகளையும் வணிகர் அறிவர். புகையில் இட்டும், மண்ணில் புதைத்தும், கறையான் அரிக்கவிட்டும், காலணிக்கு இடும் பாலிஷைப் பூசியும் பழமைத் தோற்றம் தரப்படுகிறது. கிறிஸ்தோபர் ஸ்டெய்னர் என்னும் மானிடவியலாளர் ஐவரி கோஸ்ட்டின் கலைப்பொருள் வணிகத்தை ஆராய்ந்து 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். வணிகருள் பலர் இசுலாமியர். முகமூடி அவர்களுக்கு வழிபாட்டுப்பொருள் அன்று, சரக்கே. வாங்குவோர் எத்தகைய கதையைக் கேட்க விரும்புகின்றனரோ அதை அறிந்து கூறுவதில் அவர்கள் வல்லவர்கள் என்று அவர் காட்டுகிறார். "என் பாட்டனார் அணிந்தது" என்னும் சொல்லைக் கேட்க நாம் ஆவலாயிருப்பதும் இப்பொய்யில் ஒரு பங்கு என்பதை மறுத்தலாகாது.

அறிவியல் ஆய்வுக்கும் எல்லையுண்டு. கதிரியக்கக் கார்பன் முறை மரம் வளர்ந்த காலத்தைக் காட்டுமேயன்றிச் செதுக்கிய காலத்தைக் காட்டாது. பழைய மரத்தில் புதிய முகம் செதுக்கப்படலாம். மேலும் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1950 வரையுள்ள காலத்தை அம்முறையால் நுட்பமாகப் பிரித்தறிதல் கடினம். அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலம் மாறிய பின் வளர்ந்த மரத்தை மட்டும் அது தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

விற்பனைக்கெனச் செய்யப்பட்டவை எல்லாம் பொய்ப்பொருள்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. கென்யாவின் காம்பா மக்களிடையே இன்று பரவலாக உள்ள மரச்செதுக்குத் தொழிலுக்கு அடிகோலியவர் முட்டிஸ்யா முங்கே என்பவர். முதல் உலகப்போர்க் காலத்தில் தாங்கனிக்காவிற்குச் சென்ற அவர், அங்கிருந்த செதுக்குவோரிடம் இக்கலையைக் கண்டறிந்து, தம் ஊராகிய வாமுன்யுவில் அதைத் தொடங்கினார். அத்தொழில் பெருகிப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு அளித்தது. அத்தகைய முகமூடியை "காம்பா செதுக்குநர் விற்பனைக்கெனச் செய்தது" என்று கூறினால் அது முழு உண்மை. உழைப்பாளிக்கு உரிய மதிப்பும் அதில் உண்டு. "பழங்கால மசாய்ச் சடங்கு முகமூடி" என்று கூறினால் மட்டுமே அது பொய்யாகிறது. பொய் மரத்தில் இல்லை, பெயர்ச்சீட்டில் உள்ளது.

5. கைமாறிய வழி

பழைய முகமூடிகள் ஆப்பிரிக்காவைவிட்டு எவ்வாறு வெளியேறின? வணிகமும் படையெடுப்பும் ஆட்சியாளரின் அதிகாரமும் காரணங்கள் என்பதை அனைவரும் அறிவர். சமய மாற்றமும் ஒரு காரணம். அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 19ஆம் அதிகாரம் எபேசுவில் நிகழ்ந்த இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துக் காட்டுகிறது. மாயவித்தை நூல்களை உடையோர் அவற்றைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரித்தனர் என்பது ஒன்று. தெமேத்திரியு என்னும் தட்டான் வெள்ளியால் சிறு கோவில்கள் செய்து பெரும் ஆதாயம் பெற்றான் என்பது மற்றொன்று. சமயப்பொருளின் இரு விதிகளாகிய எரிப்பும் விற்பனையும் அங்கு அருகருகே நிற்கின்றன. ஆப்பிரிக்க வரலாற்றிலும் அவ்வாறே.

லைபீரியாவின் கிரேபோ இனத்தவரான வில்லியம் வாடே ஹாரிஸ் என்னும் தீர்க்கர் 1913ஆம் ஆண்டில் ஐவரி கோஸ்ட்டினுள் நடந்து சென்று நற்செய்தி அறிவித்தார். வெண்ணுடை அணிந்து, சிலுவைக்கோலும் திருமறையும் ஏந்திச் சென்ற அவரிடம் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றதாகக் கணக்கிடுவர். அவர்கள் தம் பழைய வழிபாட்டுப்பொருள்களைத் தாமே தீக்கிரையாக்கினர். சிறிது காலத்தில் பிரெஞ்சு ஆட்சியினர் ஹாரிசை நாடு கடத்தினர். 1924இல் மெதடிஸ்த அருட்பணியாளர் அங்கு வந்தபோது, வழிகாட்ட யாருமின்றி விசுவாசத்தைக் காத்துவந்த சபைகளைக் கண்டனர். இங்கு எரித்தவர் ஐரோப்பியர் அல்லர். ஆப்பிரிக்கரே தம் மனச்சாட்சிப்படி செய்த செயல் இது. இதை நாம் இகழ்தல் ஆகாது. ஆயினும் எரிந்தவற்றுள் எவை அடக்குமுறைக்குக் கருவியாயிருந்தன, எவை ஊரின் நினைவாயிருந்தன என்று பிரித்தறிய இன்று வழியில்லை.

இத்தகைய அழிவு கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதுமன்று. கினி நாட்டின் கடற்கரையில் வாழும் பாகா மக்களிடையே 1956-57ஆம் ஆண்டுகளில் அசேக்கூ சாயோன் என்னும் இசுலாமியப் போதகரின் தூண்டுதலால் முகமூடிகள் அழிக்கப்பட்டன. 1958இல் நாடு விடுதலை பெற்றபின் சேக்கூ தூரேயின் அரசும் பழஞ்சடங்குகளை ஒழிக்க முனைந்தது. தாய்மையைக் குறிக்கும் "டிம்பா" எனும் பெரிய தோள்முகமூடியை ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் காண முடிந்த காலத்தில், அதைச் செய்த மக்களின் ஊர்களில் அது மறைந்திருந்தது. பின்னர் சில ஊர்களில் அது மீண்டும் செதுக்கப்பட்டு ஆட்டத்திற்கு வந்தது.

எரிப்புக்கும் விற்பனைக்கும் இடையே, பதிவு செய்தல் என்னும் மூன்றாவது வழியும் இருந்தது. இருவரை இங்கு நினைவுகூரலாம்.

வில்லியம் ஹென்றி ஷெப்பர்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1865இல் பிறந்த கறுப்பினத்தவர். பிரஸ்பித்தேரிய அருட்பணியாளராக 1890இல் காங்கோவிற்குச் சென்றார். வெளியார் நுழையத் தடையிருந்த குபா அரசின் தலைநகரை 1892இல் அடைந்தார். அம்மக்களின் மொழியைக் கற்று, துணி, கிண்ணம், கத்தி முதலியவற்றைத் திரட்டினார். அத்திரட்டு 1911இல் அவர் பயின்ற ஹாம்ப்டன் கல்விநிலையத்தை அடைந்து இன்றும் அங்கேயே உள்ளது. அது யாரால், எங்கு, எக்காலத்தில் திரட்டப்பட்டது என்பது தெரிந்திருப்பதே அதன் பெருமதிப்பு. அதே ஷெப்பர்டுதான் 1899இல், ரப்பருக்காகவும் வரிக்காகவும் காங்கோ மக்கள்மேல் நிகழ்ந்த கொடுமையை நேரில் கண்டு, வெட்டப்பட்ட 81 வலக்கைகளை எண்ணி உலகிற்கு அறிவித்தார். அவர்மேல் தொடரப்பட்ட அவதூறு வழக்கிலிருந்து 1909இல் விடுதலை பெற்றார். ஒரு மக்களின் கைவேலையை மதித்தவரே அம்மக்களின் கைகளுக்காகவும் சாட்சி கூறினார் என்பது தற்செயல் அன்று.

ஜார்ஜ் ஹார்லி மெதடிஸ்த மருத்துவ அருட்பணியாளர். 1926 முதல் 1960 வரை லைபீரியாவின் கண்டா என்னும் ஊரில் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார். மானோ, டான் மக்களின் முகமூடிகளைப் பெருந்தொகையாகத் திரட்டி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பீபாடி அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். போரோ சங்கத்தைப்பற்றி 1941இலும், வடகிழக்கு லைபீரியாவில் முகமூடிகள் சமூக ஒழுங்கைக் காக்கும் கருவிகளாயிருந்ததைப்பற்றி 1950இலும் நூல்கள் எழுதினார். வழக்குத் தீர்த்தல், சண்டையை நிறுத்துதல், கடன் வசூலித்தல் ஆகிய பணிகள் முகமூடிகளுக்கு இருந்தமையை அவர் எழுத்தால் அறிகிறோம். அவருடைய முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். ஆயினும் இன்று ஒரு டான் முகமூடியை ஒப்பிட்டு இனங்காண விரும்புவோர் அவருடைய திரட்டைத் தவிர்த்தல் இயலாது.

ஹார்லியைப் புகழும்போதே ஒரு வினாவையும் எழுப்ப வேண்டும். அம்முகமூடிகளை அவருக்குக் கொடுத்தவர்கள் யார்? குடும்பத்துக்கோ சங்கத்துக்கோ பொதுவாயிருந்த ஒன்றைத் தனியொருவர் விற்கும் உரிமை உடையவரா? அரசும் அருட்பணியும் வலிமை பெற்றுப் பழைய சங்கங்கள் தளர்ந்த காலத்திலேயே இத்தகைய பொருள்கள் வெளிவந்தன. அன்புடன் வாங்கியதும் சமமற்ற நிலையில் வாங்கியதாயிருக்கலாம். தென் திருவிதாங்கூர்த் திருச்சபையினர் நன்கறிந்த இலண்டன் மிஷன் சங்கமும் தன் பணித்தளங்களில் விசுவாசிகள் கைவிட்ட பொருள்களை இலண்டனில் ஓர் அருங்காட்சியகம் அமைத்து வெற்றிச் சின்னங்களாகக் காட்டியது. வெற்றிச் சின்னமாகக் காட்டப்படும்போது, அப்பொருளைச் செய்தவரின் பெயர் முதலில் மறைகிறது.

6. அண்மைக்கால வழக்குகள் இரண்டு

இவ்வினாக்கள் பழங்கதை அல்ல என்பதற்கு இரு வழக்குகள் சான்று.

1984ஆம் ஆண்டில் தார் எஸ் சலாமிலுள்ள தான்சானியத் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து வேறு பொருள்களோடு ஒரு மக்கோண்டே முகமூடியும் திருடப்பட்டது. அடுத்த ஆண்டே அது பாரிஸில் விலைபோயிற்று. ஜெனீவாவின் பார்பியே-முல்லர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1990இல் என்ரிக்கோ காஸ்தெல்லி என்னும் இத்தாலியப் பேராசிரியர் அது திருட்டுப்பொருள் என்று அடையாளங்கண்டார். நெடுங்காலப் பேச்சுகளுக்குப்பின் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தான்சானியாவிற்குத் திருப்பியளிக்கப்பட்டது. அது மக்கோண்டே முகமூடி என்பதில் ஒருபோதும் ஐயமிருந்ததில்லை. வடிவம் சரியாகவே இனங்காணப்பட்டது. வந்த வழியே தெரியாதிருந்தது. முதல் வினாவுக்கு விடை கண்டதால் மூன்றாவது வினா தீர்ந்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது வழக்கு பிரான்சில் எழுந்தது. 1917ஐ ஒட்டி காபோனிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் ஒருவர் கொணர்ந்த ங்கில் முகமூடி அவர் வழிவந்தோர் வீட்டில் கிடந்தது. முதிய தம்பதியர் 2021இல் அதைப் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு 150 யூரோவிற்கு விற்றனர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மோன்பெல்லியே நகரில் நடந்த ஏலத்தில் அது 42 இலட்சம் யூரோவிற்கு விலைபோயிற்று. ஏலக்கூடத்திலேயே காபோன் நாட்டவர் சிலர் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். தம்பதியர் தொடுத்த வழக்கில் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அலேஸ் நகர நீதிமன்றம் வணிகருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. காபோன் அரசின் வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. ஆனால் 1917ஐ ஒட்டிய நாள்களில் அம்முகமூடி ஆளுநர் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினாவே ஃபாங் மக்களின் வினா. சங்கத்தை ஒடுக்கிய ஆட்சியின் அலுவலர் கையில் அச்சங்கத்தின் முகமூடி இருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

7. நாம் செய்யத்தக்கவை

முகமூடி வாங்குவதே தவறு என்பது இக்கட்டுரையின் முடிவன்று. வாங்கும்போது சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளலாம். வாங்கிய நாள், ஊர், கடை, விலை, விற்றவர் கூறிய செய்தி ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். விற்றவர் கூறியதை "அவர் கூறியது" என்றே குறிக்க வேண்டும். அதை நம் முடிவாக எழுதலாகாது. முன்புறம், பின்புறம், விளிம்பு ஆகியவற்றைப் படமெடுத்து, அளவும் எடையும் குறித்து, பீபாடி, பாரிஸின் கே பிரான்லி முதலிய அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள படங்களோடு ஒப்பிடலாம். இயன்றால் செதுக்கியவரையே கண்டு அவர் பெயரைக் கேட்டறிதல் எல்லாவற்றினும் சிறந்தது. மெய்யாகவே பழமையான சடங்குப்பொருள் என்று ஐயுற இடமிருந்தால், அதை வாங்காது விடுவதே முறை. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக்கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் செய்த உடன்படிக்கையை இந்தியா 1977இல் ஏற்றுள்ளது.

முன்னரே வீட்டில் முகமூடி உடையோர், அதன் பின்புறத்தில் ஒரு சிறு சீட்டை ஒட்டி, தமக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதிவைக்கலாம். "நைரோபியில் 1975இல் வாங்கியது, விற்பனைக்கென அண்மையில் செய்தது" என்பது எளிய சீட்டு, ஆனால் உண்மையானது. நம் பிள்ளைகள் அதைப் படிக்கும்போது, ஒரு கண்டத்தின் மக்களைப்பற்றிய பொய்யை நாம் அவர்களுக்கு விட்டுச்செல்லமாட்டோம்.

அருட்பணிக் கூட்டங்களில் முகமூடியை உயர்த்திக்காட்டி "இருளின் அடையாளம்" என்று பேசும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது அடுப்புத் தீயை அணைக்கச் சொன்ன முகமூடியா, சண்டையை நிறுத்திய முகமூடியா, அஞ்சவைத்து ஆண்ட முகமூடியா, அல்லது வாமுன்யுவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளின் உணவுக்காகச் செதுக்கியதா என்பதை அறியாமல் அவ்வாறு பேசுவது, பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளைக்கு மாறானது. பொருளுக்குப் பெயரிடுவதும் சாட்சியே. நாம் அறிந்ததை அறிந்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் கூறப் பழகுவோமாயின், சுவரில் தொங்கும் அம்மரமுகத்தைச் செய்தவருக்கும், அவருடைய மக்களோடு ஒரே திருச்சபையில் பங்குகொள்ளும் நமக்கும் அது நன்மையாகும்.